மூன்று பிணைப்புகளும் ஒரு கைகுலுக்கலும்: ஹரி பெர்குசன் கட்டிய தொழில்

கிழக்கிலங்கையின் சம்மாந்துறை வயல் வட்டைகளிலும் சரி, மட்டக்களப்பு வாவிக்கு அந்தப்பக்கம் படுவான்கரையிலும் சரி, பெரும்போக உழவு தொடங்கினால் கண்ணில் படும் சிவப்பு உழவு மெஷின்களில் பெரும்பாலானவை மெசி பெர்குசன். வேறு நிறத்து மெஷின்களும் இப்போது நிறைய வந்துவிட்டன. ஆனால் எந்தக் கம்பனியின் மெஷினாக இருந்தாலும் பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரே அமைப்புத்தான்: கீழே இரண்டு இரும்புக் கைகள், நடுவில் மேலே ஒரு கை. கலப்பை அந்த மூன்று பிணைப்பில்தான் தொங்குகிறது. இருக்கையில் இருந்தபடியே ஒரு பிடியை அசைத்தால் அது ஏறும், இறங்கும்.

அந்த அமைப்பை உலகுக்குக் கொடுத்தவர் ஹரி பெர்குசன், அயர்லாந்தில் ஒரு கமக்காரரின் மகன். உழவு இயந்திரத் தொழிலையே திருப்பிப் போட்ட இந்த மனிதரிடம், தன் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியில், சொந்தமாக ஒரு பெரிய தொழிற்சாலை கிடையாது. யோசனை அவருடையது, வடிவம் அவருடையது, விற்பனையும் அவருடையது. இரும்பை வார்த்துப் பூட்டிக் கொடுத்தது பெரும்பாலும் வேறு யாரோ. அவர் உயர்ந்ததும் அதனால்தான், திரும்பத் திரும்ப அடிபட்டதும் அதனால்தான்.

1884இல் டவுன் என்ற மாவட்டத்தில், ட்ரோமோர் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். வீட்டில் பதினொரு பிள்ளைகள். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவின் காணியில் வேலைக்கு இறங்கினார். அந்த வேலை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் அண்ணன் நடத்திய சைக்கிள், கார் திருத்தும் கராஜுக்குப் போய்ச் சேர்ந்தார். மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடினார். பிறகு விமானப் பைத்தியம் பிடித்தது. 1909 டிசம்பர் 31ஆம் திகதி, தானே கட்டிய ஒற்றை இறக்கை விமானத்தில் ஹில்ஸ்பரோவில் ஏறக்குறைய 130 யார் தூரம் பறந்தார். அயர்லாந்து மண்ணில் பறந்த முதல் விமானம் அது.

அண்ணனோடு ஒத்துவரவில்லை. 1911இல் பிரிந்து பெல்ஃபாஸ்டில் சொந்தமாகக் கார் விற்கும் நிறுவனம் தொடங்கினார். அங்கே வந்து சேர்ந்தவர் வில்லியம் சான்ட்ஸ் என்ற பொறியியலாளர். இந்தப் பெயரை அழுத்திச் சொல்ல வேண்டும். பெர்குசன் சொன்ன யோசனைகளைப் பல பத்தாண்டுகள் இரும்பில் செய்து காட்டிய கைகளில் முதன்மையானவை சான்ட்ஸின் கைகள். மெஷினின் மூக்கில் ஒட்டிய பெயர் முதலாளியின் பெயராகிவிட்டது, அவ்வளவுதான்.

முதலாம் உலகப்போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்தது. 1917இல் அயர்லாந்தின் விவசாயத் துறை, நாட்டில் ஓடும் உழவு இயந்திரங்களைப் பார்த்து அவற்றின் வேலையைச் சீர்படுத்தும் பொறுப்பை பெர்குசனிடம் கொடுத்தது. அவரும் சான்ட்ஸும் பண்ணை பண்ணையாகப் போனார்கள். பார்த்த இடமெல்லாம் ஒரே குறை. மாட்டுக்கும் குதிரைக்கும் செய்த கலப்பையை ஒரு சங்கிலியில் கட்டி மெஷினுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் மண்ணைப் பிடிக்கவேண்டும் என்பதற்காக மெஷினைப் பாரமாகச் செய்தார்கள். பாரம் கூடியதால் மண் இறுகியது, மெஷின் புதைந்தது, எரிபொருளும் தீர்ந்தது.

அதைவிட மோசமான ஆபத்து ஒன்றும் இருந்தது. எங்கள் பக்கம் மெஷின் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் பின்சில்லைச் சுற்றப் பார்க்கிறது. சில்லு மண்ணில் இறுகிப் பிடித்துச் சுற்ற மறுக்கிறது. அப்போது அந்தச் சக்தி போவதற்கு வேறு வழி இல்லை. சில்லுக்குப் பதிலாக மெஷினின் உடம்பே அச்சைச் சுற்றி எழும்பும். முன்பக்கம் மேலே போய், மெஷின் அப்படியே பின்னால் மல்லாந்து சாரதியின் மேல் விழும். எல்லாம் ஓரிரண்டு செக்கனுக்குள் நடந்து முடிந்துவிடும். கார் அதிபர் ஹென்றி ஃபோர்ட் செய்த அந்தக் காலத்து ஃபோர்ட்சன் மெஷின்கள் இப்படி ஆட்களைக் கொன்றதற்குப் பேர்போனவை.

இன்றைக்கும் சேற்றில் புதைந்த மெஷினை எடுக்க, பின்சில்லு இரண்டுக்கும் குறுக்கே மரக்கட்டை வைத்துக் கட்டிவிட்டு கிளச்சை விடுகிறவர்கள் உண்டு. அதுவும் இதே கதைதான். கட்டை மண்ணில் சிக்கினால் சில்லு நின்றுவிடும், மெஷின் மல்லாந்துவிடும். பாரத்தை இழுக்கச் சங்கிலியை மேற்கையில், அதாவது நடுவில் மேலே இருக்கும் கையில், கட்டுவதும் அப்படித்தான். நட்ட தூணின் அடியில் கயிறு போட்டு இழுத்தால் அது நகரப் பார்க்கும், தலையில் போட்டு இழுத்தால் சாய்ந்து விழும். இழுவைக் கட்டு எப்போதும் அச்சுக்குக் கீழே, அதற்கென்று இருக்கும் கொக்கியில்தான் இருக்க வேண்டும். புதைந்தால் இன்னொரு மெஷினைக் கூப்பிடுங்கள். ஒரு மணித்தியாலம் போனாலும் ஆள் மிஞ்சுவார்.

சரி, பெர்குசன் என்ன செய்தார்? கலப்பையையும் மெஷினையும் இரண்டு பொருளாகப் பார்க்காமல் ஒரே கருவியாகப் பார்த்தார். எல்லாம் அந்தப் பார்வையில் இருந்து வந்தவை. 1920களின் நடுவில் காப்புரிமை எடுத்து, பிறகு வருடக்கணக்காகத் திருத்தித் திருத்தி வந்த அமைப்பு இப்படி வேலை செய்கிறது.

கீழே இருக்கும் இரண்டு கைகளும் கலப்பையை இழுக்கின்றன. மண் கொழுவைப் பின்னுக்குத் தள்ளுவதால், கலப்பையின் தலை முன்னால் கவிழப் பார்க்கும். அந்தக் கவிழ்ப்பு மேற்கையை, எங்கள் மெக்கானிக்மார் டொப் லிங்க் என்று சொல்வதை, முன்னுக்குத் தள்ளுகிறது. அது அச்சுக்கு மேலே மெஷினின் உடம்பை முன்பக்கமாக அழுத்துகிறது. ஆகவே எந்த இழுவை முன்சில்லைத் தூக்கிவிடும் என்று பயந்தோமோ, அந்த இழுவையே இப்போது முன்சில்லை நிலத்தில் வைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மேற்கை வந்து சேரும் இடத்தில் ஒரு பலமான வில்லு (ஸ்பிரிங்) இருக்கிறது. மண் இறுகினால் மேற்கை வில்லைக் கூடுதலாக அமுக்கும். அந்த அசைவு, எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கும் ஹைட்ரோலிக்கின் வால்வுக்குப் போகும், கலப்பை தானாகவே கொஞ்சம் மேலே வரும். மண் இளகினால் தானாகக் கீழே இறங்கும். சாரதி ஒவ்வொரு அடிக்கும் பிடியை அசைக்கத் தேவையில்லை. கலப்பையின் பாரமும் அது கிழிக்கும் மண்ணின் அழுத்தமும் பின்சில்லின் மேல் ஏறுவதால் மெஷினுக்குப் பிடிப்புக் கிடைக்கிறது. ஆகவே மெஷினைப் பாரமாகச் செய்ய வேண்டிய தேவையே இல்லாமல் போனது. கலப்பை உண்மையாகவே கல்லில் முட்டி நின்றால், ஹைட்ரோலிக் தன் பாரத்தை விடும், பின்சில்லு பிடிப்பு இழந்து நின்ற இடத்திலேயே சுற்றும். மல்லாக்காக விழுவதற்குப் பதிலாக மெஷின் அப்படியே நிற்கும்.

ஒரு பொருளின் கெட்ட குணத்தையே அதன் நல்ல குணமாக மாற்றிவிடுவது பொறியியலில் அடிக்கடி நடப்பதில்லை. இயந்திர விவசாயம் தொடங்கிய பிறகு வந்த கண்டுபிடிப்புகளில் இதற்கு ஈடாகச் சொல்ல எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

யோசனை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் செய்து தர ஒரு தொழிற்சாலை வேண்டும். 1933இல் பெல்ஃபாஸ்டில் கறுப்பு நிறத்தில் ஒரே ஒரு மாதிரி மெஷினைக் கட்டினார். இன்று அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1936இல் டேவிட் பிரவுன் என்ற பற்சக்கரத் தொழிலதிபர் யோக்‌ஷயரில் அதை உற்பத்தி செய்ய முன்வந்தார். ஏறக்குறைய 1,350 மெஷின்கள் வெளிவந்தன. விலை 224 பவுண். ஃபோர்ட்சனோடு பார்த்தால் அது மிகக் கூட. கலப்பையையும் புதிதாக வாங்க வேண்டும். விற்பனை தளர்ந்தது. மெஷினைப் பெரிதாக்கச் சொன்னார் பிரவுன். பெர்குசன் மறுத்தார். அவரோடு வேலை செய்த எல்லோரும் பட்ட கஷ்டம் இதுதான்: தான் சரி என்று தெரிந்துவிட்டால் ஓர் அங்குலமும் விடமாட்டார்.

1938 இலையுதிர் காலத்தில் ஒரு மெஷினையும் சில கலப்பைகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போனார். டியர்போர்னில், ஹென்றி ஃபோர்டின் வீட்டுக் காணியிலேயே அதை உழுது காட்டினார். ஃபோர்டும் கமக்காரர் வீட்டுப் பிள்ளைதான், அவரும் காணி வேலையை வெறுத்து மெஷினுக்கு ஓடியவர்தான். இருவரும் ஒருவரை ஒருவர் உடனே புரிந்துகொண்டார்கள். ஃபோர்ட் தன் தொழிற்சாலையில் மெஷினைச் செய்வார், பெர்குசன் வடிவமும் காப்புரிமையும் தந்து விற்பனையைப் பார்ப்பார் என்று முடிவாயிற்று. எழுத்தில் ஒன்றும் இல்லை, கைகுலுக்கினார்கள், அவ்வளவுதான். 1939 ஜூனில் 9என் என்ற மெஷின் வெளியே வந்தது. 1947 வரைக்கும் அந்த ஏற்பாட்டில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்கள் போயின.

கைகுலுக்கிய இருவருக்கும் இடையில் அந்த வாக்கு நின்றது. ஆனால் ஃபோர்ட் கிழவருக்கு வயதாகி, நிறுவனம் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டின் கைக்கு வந்தபோது, அவருக்கு முன்னால் இருந்தவை கணக்குப் புத்தகங்கள். உழவு இயந்திரப் பகுதி நட்டத்தில் ஓடியது. இலாபமோ பெர்குசனின் விற்பனை நிறுவனத்துக்குப் போனது. ஒப்பந்தம் முறிந்தது. 1947இல் ஃபோர்ட் நிறுவனம் 8என் என்ற புது மெஷினைத் தன் சொந்த விற்பனை வழியில் இறக்கியது. பின்னால் இருந்ததோ பெர்குசனின் மூன்று பிணைப்பு.

1948இல் பெர்குசன் 251 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டார். நான்கு வருடம் இழுத்தது. 1952 ஏப்ரலில் 9.25 மில்லியன் டொலரோடு முடித்துக்கொண்டார்கள். 8என் மெஷினில் இருந்த ஹைட்ரோலிக் அமைப்பை மாற்றுவதற்கும் ஃபோர்ட் ஒத்துக்கொண்டது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் ஒரு தனி மனிதர் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றை நீதிமன்றத்தில் நிறுத்திப் பணம் வாங்கியது சின்ன விஷயம் இல்லை. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் நின்றது அவருடைய பிழையா என்றால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். காப்புரிமை எழுத்தில் இருந்தது. வழக்கில் அவரைக் காப்பாற்றியது அந்தக் காகிதம்தான்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லவேண்டும். 8என் வெறும் நகல் இல்லை. பெர்குசனின் அமைப்பு மண்ணின் இறுக்கத்தை மட்டும் பார்த்துக் கலப்பையை ஏற்றி இறக்கியது. வைத்த உயரத்தில் கலப்பையை நிறுத்தி வைக்கும் வசதியை ஃபோர்ட் சேர்த்தது. இது ஏன் முக்கியம் என்பது எங்கள் வயல்காரருக்கு நன்றாகவே தெரியும். மழைக்கு முன்னால் காய்ந்து இறுகிய நிலத்தில் புழுதி உழவு உழும்போது பெர்குசனின் தானியங்கி முறை கைகொடுக்கும். தண்ணீர் கட்டிய சேற்றிலோ மண்ணில் இறுக்கமே இல்லை. வில்லுக்கு உணர ஒன்றும் கிடைக்காது, கலப்பை தாழ்ந்துகொண்டே போகும். அங்கே உயரத்தைப் பிடித்து வைக்கும் முறைதான் வேண்டும். 1956இல் பெர்குசன் பெயரில் வந்த எஃப்ஈ 35இலும் இரண்டு முறைக்கும் இரண்டு பிடிகளை வைத்தார்கள். அந்த வழியில் வந்த மெசி 135, 240 மெஷின்களில் சாரதியின் பக்கத்தில் இரண்டு பிடிகள் இருப்பது அதனால்தான். சேற்று உழவில் தவறான பிடியைப் போட்டுவிட்டு மெஷின் சரியில்லை என்று கராஜுக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

வழக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே பெர்குசன் இங்கிலாந்தில் தன் வாழ்க்கையின் பெரிய வேலையைச் செய்து முடித்திருந்தார். கொவன்ட்றியில் போர்க்காலத்தில் விமான என்ஜின் செய்த பானர் லேன் தொழிற்சாலை போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. அதை நடத்திய ஸ்டாண்டர்ட் கார் நிறுவனத்தோடு பேசி, 1946இல் டிஈ 20 என்ற சாம்பல் நிறச் சின்ன மெஷினைச் செய்யத் தொடங்கினார். 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது இந்த மெஷின்களில்தான். மெஷினோடு ஒரு ஸ்பேனர் வரும், கமக்காரர் செய்கிற சரிசெய்தல்களுக்கு அது ஒன்றே போதும் என்பது பெர்குசனின் பிடிவாதம். வயலில் நிற்கிறவரிடம் பெட்டி நிறைய ஆயுதம் இருக்காது என்பதை அவர் மறக்கவில்லை.

1953இல் தன் நிறுவனத்தைக் கனடாவின் மெசி ஹரிஸ் நிறுவனத்தோடு சேர்த்தார். விலையில் ஒரு மில்லியன் டொலர் வித்தியாசம் வந்தபோது, நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள். பெர்குசன் தோற்றார். அடுத்த வருடமே புது முதலாளிமாரோடு ஒத்துவராமல் விலகினார். மெசி ஹரிஸ் பெர்குசன் என்றிருந்த கம்பனியின் பெயர் 1958இல் மெசி பெர்குசன் என்று சுருங்கியபோது அவர் அங்கே இல்லை. பிறகு நான்கு சில்லிலும் இழுக்கும் கார்களில் இறங்கினார். வழுக்கும் தெருவில் கார் மனிதரைக் கொல்லக்கூடாது என்ற எண்ணத்தில், முன்பு உழவு மெஷினுக்குச் செய்ததைக் காருக்குச் செய்யப் பார்த்தார். 1960 அக்டோபரில் காலமானார். அடுத்த வருடம் அவர் நிறுவனம் கட்டிய பெர்குசன் பி99 பந்தயக் காரை ஓட்டி ஸ்டேர்லிங் மொஸ் ஓல்டன் பார்க் தங்கக் கிண்ணத்தை வென்றார். 1966இல் வந்த ஜென்சன் எஃப்எஃப் காரில் அவருடைய நான்கு சில்லு இழுவை வீதிக்கு வந்தது.

இந்த மெஷின் எங்கள் பக்கத்துக்கு வந்த வழிகளில் ஒன்று சென்னையைத் தொட்டு வருகிறது. 1960இல் அங்கே அமல்கமேஷன்ஸ் குழுமம் மெசி பெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து டாஃபே நிறுவனத்தைத் தொடங்கியது. பிரித்தானியாவில் வார்த்த மெஷின்களோடு சென்னையில் செய்தவையும் இலங்கைக்கு வந்தன. அந்தக் காலத்தில்தான் கிழக்கில் நெற்காணி விரிந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெருங்குளத்தின் தண்ணீரைப் பெரும் நிலப்பரப்புக்குக் கொண்டுபோனது. அதனோடு வந்த குடியேற்றத்தின் காயங்கள் தனியாகப் பேசவேண்டியவை. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமானது. அவ்வளவு காணியை மாட்டு ஏரும் எருமையும் மட்டும் வைத்து, மழையும் குளத்துத் தண்ணீரும் தரும் சில கிழமைக்குள் உழுது முடிப்பது முடியாத காரியம்.

மெஷின் உழவோடு நிற்கவும் இல்லை. அறுவடை முடிந்ததும் களவெட்டியில் கதிரைப் பரப்பி, மாடு சுற்றிய இடத்தில் மெஷினைச் சுற்றவிட்டுச் சூடு மிதித்தார்கள். பெட்டியைப் பூட்டினால் நெல் ஏற்றலாம், செங்கல் ஏற்றலாம், மண்டூர்க் கோயில் திருவிழாவுக்கு ஊரோடு போகலாம். பெர்குசன் இதையெல்லாம் கணக்கில் எடுத்திருக்கமாட்டார். ஆனால் பின்னால் எதையும் மாட்டலாம், கழற்றலாம் என்ற அவருடைய யோசனைதான் ஒரு மெஷினைப் பத்து வேலைக்காரனாக்கியது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு மூன்று பிணைப்பு எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவானது, சர்வதேச அளவுகள் வந்தன. அந்த அளவுகளின் முதற் பிரிவில், கீழ்க்கைகளைக் கலப்பையோடு பூட்டும் முள் 22 மில்லிமீட்டர், மேற்கையின் முள் 19 மில்லிமீட்டர். உள்ளூர் ஒட்டுப் பட்டறையில் செய்த ஒன்பது கொழுக் கலப்பை ஜப்பான் மெஷினுக்கும் இந்திய மெஷினுக்கும் மாறி மாறிப் பொருந்துவது இப்படிப்பட்ட பொது அளவுகளால்தான்.

பெர்குசனின் பெரிய நம்பிக்கை ஒன்று உண்டு. விலை குறைந்த மெஷின் சின்னக் கமக்காரரின் கைக்குப் போனால், உணவின் விலை இறங்கும், வறுமையும் போகும் என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். எங்கள் பக்கம் அதில் பாதிதான் நடந்தது. மாட்டோடு மல்லுக்கட்டிய முதுகுகளுக்கு ஓய்வு கிடைத்தது, உண்மை. ஆனால் மெஷின் முதலில் போனது பெருங்காணிக்காரரான போடியார்மாரிடமும் கையில் காசு இருந்தவர்களிடமும். இரண்டு ஏக்கர் செய்கிறவர் இன்றும் மெஷினை வாங்குவதில்லை, ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசித்தான் உழுகிறார். தண்ணீர் திறந்த கிழமையில் எல்லோருக்கும் ஒரே நாளில் மெஷின் வேண்டும். அப்போது கூலியைத் தீர்மானிப்பது மெஷின்காரர், வரிசையில் கடைசியில் நிற்பது சின்ன வயல்காரர். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற போகத்தில் இது எவ்வளவு வலித்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றும் ஒரு மெஷினையும் அதற்குரிய கலப்பைகளையும் பொதுவில் வைத்து, சின்ன வயல்களை முதலில் உழுது கொடுக்குமானால், பெர்குசன் நினைத்ததற்குப் பக்கத்தில் வரலாம். மெஷினை வாங்குவதைவிட அதை நடத்துவதுதான் கஷ்டம்: யாருக்கு எந்த நாள், டீசல் யார் பொறுப்பு, உடைந்தால் யார் கட்டுவது. இவற்றைப் பேச இடம் ஏற்கனவே இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் திகதியும் விதைப்பு முடிக்கும் திகதியும் முடிவாகின்றன. உழவுக் கூலியும் மெஷின் முறையும் அதே கூட்டத்தில், அதே பக்கத்தில், கையெழுத்தோடு எழுதப்படட்டும்.